ஊறு: ‘ஹஸார்ட்’ என்பதற்கு ஏற்ற தமிழ்ச்சொல்

கொழும்பில் இரசாயனப் பொருள்கள் புழங்கும் பெரிய தொழிலகங்களில் ஒரு தடித்த கோப்பு இருக்கும். ஒவ்வொரு பொருளின் தன்மையையும் அதைப் பாதுகாப்பாகக் கையாளும் விதத்தையும் சொல்லும் தாள்கள் அதற்குள் இருக்கும். அவற்றை மேலாளர் முதல் களஞ்சியக்காரர் வரை ‘எம்எஸ்டிஎஸ்’ என்றே அழைக்கிறார்கள். உலக வழக்கில் அந்தப் பெயரின் முதலெழுத்து உதிர்ந்து ‘எஸ்டிஎஸ்’ ஆகிவிட்டது. தமிழில் பாதுகாப்புத் தரவுத்தாள் என்றால் போதும், அதில் சிக்கல் ஒன்றும் இல்லை. சிக்கல் அந்தத் தாளின் இரண்டாம் பிரிவில் தொடங்குகிறது. அங்கே ஆங்கிலத்தில் ‘ஹஸார்ட்’ என்று இருக்கும். தமிழாக்குபவர்களில் ஒருவர் அதை ஆபத்து என்கிறார், இன்னொருவர் அபாயம் என்கிறார், வேறொருவர் தீங்கு என்கிறார். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அதே தொழிலகத்தின் பாதுகாப்புக் கையேட்டில் ‘ரிஸ்க்’ என்று வரும் இடத்திலும் அதே ஆபத்து, அதே அபாயம்.

இவை இரண்டும் ஒன்றல்ல. ஒரு பொருளுக்குள் இயல்பாகவே இருக்கும் தீங்கு செய்யும் தன்மை ஹஸார்ட். அந்தத் தன்மை ஓர் ஆளை வந்தடையும் வாய்ப்பையும், அடைந்தால் விளையும் கேட்டின் அளவையும் சேர்த்துக் கணிப்பது ரிஸ்க். முன்னது பொருளைச் சேர்ந்தது. பின்னது இடத்தையும் வேலை செய்யும் விதத்தையும் சேர்ந்தது.

புறக்கோட்டை செட்டியார் தெருவின் நகைக்கடைகளை எல்லோருக்கும் தெரியும். நகைத் தொழிலின் மறுபக்கம் பட்டறை. அங்கே திராவகம் என்று பத்தர்கள் சொல்வது பெரும்பாலும் நைத்திரிக்கமிலம். பழைய நூல்களில் வெடியுப்புத் திராவகம். வெள்ளியையும் செம்பையும் கரைத்துவிடும், தங்கத்தைத் தொடாது. பொன்னைப் பிரித்தெடுக்கவும் உரைத்துப் பார்க்கவும் அது உதவுவதற்குக் காரணம் இதுதான். மூடி இறுகிய போத்தலில், பூட்டிய அலுமாரியில் இருக்கும்போதும் அந்த அமிலம் தோலை எரிக்கும் தன்மையோடுதான் இருக்கிறது. ஆனால் அலுமாரிக்கு வெளியே நிற்பவருக்கு அதனால் நேரக்கூடியது மிகச் சிறிது. அதே அமிலத்தைச் சன்னலில்லாத உள்ளறையில் செம்பு கலந்த துண்டின் மேல் ஊற்றினால் பழுப்பு நிறப் புகை எழும்பும். அது நைதரசனீரொட்சைட்டு. அமிலம் மாறவில்லை, மாறியது அறையும் வேலையும்தான். ‘இது ஆபத்தா?’ என்று பத்தர் கேட்டால் ஒரே சொல்லில் ஆம் என்றோ இல்லை என்றோ பதில் சொல்ல முடியாமல் போவது இதனால்தான். அந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன.

ஆங்கிலச் சொற்களின் வரலாறு வேடிக்கையானது. ஹஸார்ட் என்பது முதலில் ஒரு தாய விளையாட்டின் பெயர். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது; அதற்கும் முன்னே அரபு மொழியில் தாயக்கட்டையைக் குறித்த சொல் அது என்பது பலரும் கூறும் கருத்து. ஆக, பிறப்பில் அது முழுக்க முழுக்கத் தற்செயலைக் குறித்த சொல். இன்றைய பாதுகாப்புத் துறையில் தற்செயலுக்கு அதில் இடமே இல்லை. வாய்ப்பு, நிகழ்தகவு எல்லாம் இத்தாலிய, பிரெஞ்சு வழியில் வந்த ரிஸ்க்கின் பக்கம் போய்விட்டன. சொற்பிறப்பைப் பிடித்துக்கொண்டு மொழிபெயர்க்கப் போனால் தலைகீழாக முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

தமிழுக்கு வருவோம். ஆபத்து, அபாயம் இரண்டும் வடமொழி வழி வந்தவை. அது எனக்குக் குறையாகப் படவில்லை. இலங்கைப் பாடநூல்கள் வழங்கும் இரசாயனம் என்ற சொல்லே அப்படி வந்ததுதான். ஆயுர்வேதத்தில் ஆயுளை நீட்டிக்கும் மருந்துக்குப் பெயர் இரசாயனம். இன்று ‘இரசாயனம் போடாத மரக்கறி’ என்று விலை கூட்டி விற்கிறார்கள். சொல்லின் விதி அப்படி. அபாயத்தை நான் ஒதுக்குவதற்குக் காரணம் வேறு. 2003 இல் ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்ட உலகளாவிய வகைப்படுத்தல், சிட்டையிடல் முறைமை, பொருளின் மேல் ஒட்டும் சிட்டையில் வரவேண்டிய எச்சரிப்புச் சொற்களை இரண்டாக வரையறுத்திருக்கிறது. கடுமையானவற்றுக்கு ஒன்று, அதற்குக் குறைந்தவற்றுக்கு மற்றது. தமிழில் முன்னதற்கு அபாயம் என்றும் பின்னதற்கு எச்சரிக்கை என்றும் எழுதுவதே இயல்பு. மின்மாற்றிப் பலகை முதல் வீதித் திருத்த வேலை வரை நம் கண் பழகியதும் அந்தச் சொற்களுக்குத்தான். அபாயம் அந்த வேலையில் அமர்ந்துவிட்டது. அதையே பிரிவின் தலைப்புக்கும் வைத்தால், ‘அபாயங்கள்: எச்சரிக்கை’ என்று படிப்பவரைக் குழப்பும் வரிகள்தான் மிஞ்சும்.

ரிஸ்க்குக்கு இலங்கைத் தமிழில் ஏற்கெனவே ஒரு நல்ல சொல் இருக்கிறது: இடர்நேர்வு. கோட்டையில் இருக்கும் மத்திய வங்கியின் தமிழ் அறிக்கைகளைப் படித்தவர்களுக்கு அது பழக்கமான சொல். இடர் நேர்வதற்கான வாய்ப்பு என்ற பொருள் சொல்லிலேயே தெரிகிறது. வங்கிக்காரர்களிடமிருந்து அதைத் தொழிற்சாலைக்குக் கொண்டுவருவதில் என்ன தடை என்று எனக்கு விளங்கவில்லை.

ஹஸார்ட்டுக்கு நான் வைப்பது ஊறு. உறு என்ற வினையின் முதலெழுத்து நீண்டு பிறந்த பெயர் அது. சுடு சூடானது போல, கெடு கேடானது போல. உறுதல் என்றால் சேர்தல், தொடுதல், நேர்தல். நோயுற்றான், துன்புற்றாள் என்று நாள்தோறும் சொல்கிறோம். இதில் என்னைப் பிடித்து நிறுத்தியது ஒன்று: ஊறு என்பதற்குப் பழந்தமிழில் தொடுவுணர்வு என்றும் பொருள், தீங்கு என்றும் பொருள். திருக்குறளிலேயே இரண்டும் உண்டு. ‘சுவையொளி ஊறோசை நாற்றம்’ என்று ஐம்புலன்களை அடுக்கும்போது அது தொடுகை. ‘ஊறொரால் உற்றபின் ஒல்காமை’ என்று வினைத்திட்பம் பேசும்போது அது இடையூறு, கேடு. வருமுன் விலக்குவதும் வந்தபின் தளராதிருப்பதும் என்று இரண்டாகப் பிரித்துச் சொல்கிறது அந்த அடி. தரவுத்தாளின் அமைப்பும் ஏறத்தாழ அதுதான்: ஏழாம் எட்டாம் பிரிவுகள் விலக்குவதற்கு, நாலு முதல் ஆறு வரை நேர்ந்தபின் செய்வதற்கு. தோலில் பட்டு, கண்ணில் தெறித்து, மூச்சில் புகுந்து கெடுக்கும் பொருளுக்கு, தொடுகையும் தீங்கும் ஒன்றாகும் ஒரு சொல் அமைந்திருப்பதை விட்டுவிட எனக்கு மனமில்லை.

மறுப்புகள் உண்டு. பழைய ஆட்சியில் ஊறு என்பது நேர்ந்த தீங்கு, நேரக்கூடிய தன்மை அல்ல என்பார்கள். சரிதான். தன்மையைச் சிறப்பாகச் சுட்ட வேண்டிய இடத்தில் ஊறுதன்மை என்று எழுதிக்கொள்ளலாம். ஊறுகாய் நினைவுக்கு வருகிறது என்று சிரிப்பவர்களும் இருக்கிறார்கள். அது ஊறுதல் என்ற வேறொரு வினை. இதற்கும் அதற்கும் உறவில்லை. இடையூறு என்று சொல்லும்போது யாருக்கும் மாங்காய் நினைவுக்கு வருவதில்லை.

இந்தப் பிரிவினை ஏட்டளவில் நிற்பதில்லை. இணையத்தில் ஒரு பொருளைப் பற்றித் தேடும்போதுதான் இதன் பயன் முழுதாகத் தெரிகிறது. இணையம் ஊறைச் சொல்லும். இடர்நேர்வை ஒருநாளும் சொல்லாது. அது உங்கள் பட்டறைச் சன்னலைப் பார்த்ததில்லை.

ஊறைத் தேடுவதிலும் முதல் இடறல் பெயர்தான். நாம் நைத்திரிக்கமிலம் என்கிறோம், தமிழகத்தில் நைட்ரிக் அமிலம் என்கிறார்கள், பத்தர் திராவகம் என்கிறார், போத்தலில் வணிகப் பெயர் ஒன்று ஒட்டியிருக்கிறது. ஒவ்வொன்றும் தேடுபொறியில் ஒவ்வொரு ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். இதற்கு மருந்து காஸ் எண். அமெரிக்க இரசாயனச் சங்கத்தின் பிரிவொன்று 1965 முதல் ஒவ்வொரு பொருளுக்கும் தனி எண் கொடுத்து வருகிறது. நைத்திரிக்கமிலத்தின் எண் 7697-37-2. தரவுத்தாளின் முதலாம் அல்லது மூன்றாம் பிரிவில் அது இருக்கும். கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது: அதற்கு முந்தியவற்றை வலமிருந்து இடமாக எடுத்து 1, 2, 3 என்று முறையே பெருக்கிக் கூட்டுங்கள். 7, 6, 21, 36, 30, 42, மொத்தம் 142. அதன் இறுதி இலக்கம் 2. எண்ணைக் கடுதாசியில் குறித்துக்கொண்டு வந்தவர் ஓர் இலக்கத்தைத் தவறாக எழுதியிருந்தால் இந்தக் கணக்கு பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். எண் இருப்பதாலேயே பொருள் கெட்டது என்று எண்ணவேண்டாம். தண்ணீருக்கும் எண் இருக்கிறது: 7732-18-5.

எண் கையில் இருந்தால் இடங்கள் நிறைய. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் சேர்ந்து வெளியிடும் சர்வதேச இரசாயனப் பாதுகாப்பு அட்டைகளை நான் முதலில் சொல்வேன். அவை சுருக்கமானவை, இலவசமானவை, வேலைத்தளத்தில் நிற்பவருக்காக எழுதப்பட்டவை. விரிவு வேண்டுமென்றால் 2004 இல் தொடங்கப்பட்ட பப்கெம் என்ற இரசாயனத் தரவுத்தளம். வேலையிடக் காற்றில் எவ்வளவு இருக்கலாம் என்ற அளவுகளுக்கு அமெரிக்க நயோஷ் நிறுவனத்தின் சட்டைப்பைக் கையேடு. நைத்திரிக்கமிலத்துக்கு அது பரிந்துரைப்பது வேலைநாள் சராசரியாகப் பத்து இலட்சத்தில் 2 பங்கு, உயிருக்கு உடனடி ஆபத்து என்று குறிப்பது 25 பங்கு. இங்கே ஒரு சிறு எச்சரிக்கை: 2009 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டத்தால் இலங்கையில் அமைந்த தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார நிறுவகத்தையும் நயோஷ் என்றே அழைக்கிறார்கள். இரண்டும் வேறு. டொக்ஸ்நெட் என்ற நச்சியல் தரவுத்தளத்தின் பெயரைப் பழைய கையேடுகளில் கண்டால் தேடிக் களைக்க வேண்டாம். அது 2019 இறுதியில் மூடப்பட்டது. உள்ளடக்கத்தில் பெரும்பகுதி பப்கெம்முக்குப் போய்விட்டது.

தாள் கிடைத்ததும் மூன்றாம் பிரிவின் செறிவைப் பாருங்கள். 68 சதவீத அமிலத்தின் தாளை 10 சதவீதக் கரைசலுக்கு ஒட்டிவைப்பது அடிக்கடி நடக்கும் பிழை. திருத்திய தேதியையும் பாருங்கள். இரண்டாம் பிரிவில் எச் என்ற எழுத்தோடு வரும் குறியீடுகளில் இருநூறுகள் தீ, வெடிப்பு போன்ற பௌதிக ஊறுகள், முந்நூறுகள் உடல்நலம், நானூறுகள் சுற்றாடல். எச் 314 என்றால் தோலைக் கடுமையாக எரிக்கும், கண்ணைக் கெடுக்கும். எச் 272 என்றால் தீயைத் தீவிரமாக்கக்கூடிய ஒட்சியேற்றி. நம்மவர்கள் இதையெல்லாம் ‘விஷம்’ என்ற ஒரே பைக்குள் போட்டுவிடுகிறார்கள். நச்சுத்தன்மை ஊறின் வகைகளில் ஒன்று, அவ்வளவே. சமையல் எரிவாயுவின் முதன்மை ஊறு நஞ்சல்ல, தீ. மலசலகூடம் கழுவும் அமிலத்தையும் வெளிற்றும் திரவத்தையும் கலந்தால் எழும் குளோரீன் வாயு எல்லாத் தாள்களின் இரண்டாம் பிரிவிலும் கண்ணில் படும் என்று சொல்ல முடியாது. பத்தாம் பிரிவில், சேரக்கூடாத பொருள்களின் பட்டியலில் தேடவேண்டும்.

ஊறுக்கும் இடர்நேர்வுக்கும் உள்ள தூரத்தைக் கொழும்பு ஒருமுறை கடலோரத்திலிருந்தே பார்த்தது. 2021 மே 20 அன்று துறைமுகத்துக்கு வெளியே தீப்பற்றிய எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பலில் 1,486 கொள்கலன்கள் இருந்தன. அவற்றுக்குள் 25 தொன் நைத்திரிக்கமிலமும். ஒரு கொள்கலனிலிருந்து அமிலம் கசிவது கப்பல் இங்கு வருமுன்பே தெரிந்திருந்தது. கத்தாரிலும் இந்தியாவிலும் அந்தக் கொள்கலனை இறக்க இடம் கிடைக்கவில்லை. அமிலத்தின் ஊறு ஏற்றிய நாளிலும் எரிந்த நாளிலும் ஒன்றுதான், எந்தத் தரவுத்தாளிலும் படிக்கக்கூடியது. ஒவ்வொரு துறைமுகத்தைக் கடக்கும்போதும் வளர்ந்தது இடர்நேர்வு. அன்றைய செய்திகள் இரண்டையும் ஆபத்து என்றே எழுதியிருந்தால், எது எப்போது தடுத்திருக்கக்கூடியது என்று வாசகர் எப்படிப் பிரித்தறிவார்?

உற்றபின் தேடுபொறி வேண்டாம். அமிலம் பட்ட உடையைக் கழற்றி, உடலில் பட்ட இடத்தைக் குறைந்தது 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவவேண்டும். விழுங்கியவரை வாந்தியெடுக்க வைக்கக்கூடாது. கொழும்புத் தேசிய வைத்தியசாலையில் நச்சுத் தகவல் நிலையம் இருக்கிறது. அங்கே பேசும்போது ‘திராவகம்’ என்று மட்டும் சொல்லாமல் போத்தலில் உள்ள பெயரையும் காஸ் எண்ணையும் சொல்லுங்கள். பழுப்புப் புகையை மூச்சிழுத்தவர் நன்றாக இருப்பதாகச் சொன்னாலும் மருத்துவரிடம் அழைத்துப்போக வேண்டும். நுரையீரலில் நீர் கோப்பது சில மணி நேரம் கழித்தே தெரியவரும்.