ஃபுல் ஃபிரேம் பாடியில் கிராப் லென்ஸ்: மாட்டிக்கொண்டால் போதுமா?

ராமநாதபுரத்தில் ஆல்பம் டிசைன் செய்பவன் நான். பரமக்குடி, கீழக்கரை, ஏர்வாடி, ராமேஸ்வரம் என்று சுற்றுவட்டாரப் போட்டோகிராபர்கள் ஃபைல் தருகிறார்கள். முகூர்த்த சீசன் முடிந்தால் ஒரே குறை திரும்பத் திரும்ப வந்து நிற்கிறது. இந்த முறை கீழக்கரைக் கல்யாணம். வெளிநாட்டிலிருந்து வந்த சொந்தங்கள் எல்லோரும் சேர்ந்து நின்ற குரூப் போட்டோ, 12×36 அங்குல ஆல்பம் ஷீட் முழுக்க வர வேண்டும். திறந்து பார்த்தால் படத்தின் அகலம் 3936 பிக்சல். 36 அங்குலத்துக்கு அதைப் பரப்பினால் அங்குலத்துக்கு 109 பிக்சல்தான். முகங்கள் உடைகின்றன. அந்தக் குடும்பத்தை மறுபடியும் ஒரே மேடையில் நிறுத்த முடியுமா?

எடுத்த தம்பியிடம் கேட்டால், “அண்ணே, பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) 24 மெகாபிக்சல், ஃபுல் ஃபிரேம்” என்கிறார். பாடி சரி. லென்ஸ்? பழைய கேமராவோடு வந்த 18-140 எம்எம். அது டிஎக்ஸ், அதாவது நிக்கானின் கிராப் லென்ஸ்.

இந்த ஒரு நினைப்பைத்தான் நான் உடைக்க வேண்டும். பாடியில் 24 என்று எழுதியிருந்தால் எந்த லென்ஸ் போட்டாலும் 24 வரும் என்று நம்புகிறார்கள். வராது. படத்தைப் பதிவு செய்யும் சென்சார் ஃபுல் ஃபிரேமில் 36×24 மில்லிமீட்டர். கிராப் லென்ஸ் அதைவிடச் சிறிய சென்சார் உள்ள கிராப் பாடிக்காகச் செய்யப்பட்டது; இந்தப் பெரிய சென்சாரில் நடுப்பகுதிக்கு மட்டும்தான் சரியாக ஒளி தரும். அதனால் கேமரா தானாகவே ஓரங்களை வெட்டிவிட்டு நடுவை மட்டும் பதிவு செய்கிறது. நிக்கான் டி750-இல் 6016×4016 வர வேண்டிய படம் 3936×2624 ஆகிறது. சோனி ஏ7 மூன்றிலும் ஏறக்குறைய அதே கதை, 10 மெகாபிக்சல். கேனான் 1.6 மடங்கு வெட்டும்; 20 மெகாபிக்சல் ஆர்6 எட்டுக்குக் கீழே இறங்கிவிடும். இதே 18-140-ஐ டி7200 போன்ற கிராப் பாடியில் போட்டிருந்தால் முழு 24 மெகாபிக்சலும் வந்திருக்கும். கடன் வாங்கிப் பெரிய பாடி வாங்கியவர், பழைய கேமராவில் வந்ததில் பாதி பிக்சல்கூட இல்லாத படத்தை எடுத்துக்கொண்டிருக்கிறார். சென்சாரில் பாதிக்கும் குறைவான பரப்புதான் வேலை செய்கிறது. மஹாலின் குறைந்த வெளிச்சத்தில் ஃபுல் ஃபிரேம் தர வேண்டிய புள்ளியில்லாத சுத்தமும் அதோடு போயிற்று.

உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவில் இது கண்ணுக்கே தெரியாது. வெட்டிய படத்தையே வியூஃபைண்டர் முழுக்க விரித்துக் காட்டும். டி750 போன்ற, கண்ணாடி உள்ள டிஎஸ்எல்ஆரில் வேறு ஆபத்து: வியூஃபைண்டரில் காட்சி முழுதும் தெரியும், பதிவாகும் பகுதியைச் சுற்றி மெல்லிய கோடு மட்டும் இருக்கும். அவசரத்தில் அந்தக் கோட்டை யார் பார்க்கிறார்கள்? வரிசையின் கடைசியில் நின்ற மாமாவுக்குப் பாதித் தோள்தான் மிச்சம்.

“ஆட்டோ கிராப்பை (தானாக வெட்டுவதை) ஆஃப் செய்துவிட்டேன்” என்று சிலர் சொல்கிறார்கள். சில பாடியில் முடியும். நிக்கான் இசட், கேனான் ஆர் மிரர்லெஸ் வரிசையில் அந்தக் கம்பெனிகளின் சொந்த கிராப் லென்ஸ் என்றால் அதுவும் முடியாது. முடிகிற பாடியில் ஆஃப் செய்தால் மூலைகள் கருக்கும். கேனான் மவுண்டில் (லென்ஸ் மாட்டும் வளையம்) வரும் டாம்ரான் டிஐ டூ, சிக்மா டிசி கிராப் லென்ஸ்களை டிஎஸ்எல்ஆர் ஃபுல் ஃபிரேமில் போட்டாலும் இதுதான். மஹால் அலங்காரத்தில் அந்த இருட்டு ஒளிந்துகொள்ளும். பாம்பன் பாலத்தில் மாப்பிள்ளை பெண்ணை நிறுத்தி, கடலும் வானமும் சேர்த்து அகலமாக எடுங்கள், நான்கு மூலையும் பளிச்சென்று காட்டிக் கொடுக்கும். கடைசியில் நான்தான் வெட்ட வேண்டும். பிக்சல் மறுபடி அதே பத்துக்கு வரும்.

கேனானின் கிராப் லென்ஸான இஎஃப்-எஸ், ஃபுல் ஃபிரேம் டிஎஸ்எல்ஆரில் ஏறாது. வெள்ளைச் சதுரம் போட்ட லென்ஸை, சிவப்புப் புள்ளி மட்டும் உள்ள மவுண்டில் திணிக்காதீர்கள். பின்பக்க ரப்பர் வளையத்தைக் கழற்றிவிட்டு மாட்டும் வித்தையும் வேண்டாம். மிரர் போய் லென்ஸில் இடித்தால் யார் செலவு செய்வது?

வீடியோவுக்குக் கிராப் லென்ஸ் பல பாடிகளில் போதும். 4கே ஃபிரேம் ஒன்றே 8 மெகாபிக்சல்தான். போனில் பார்க்கும் படத்துக்கும் போதும். ஷீட் போடும் படத்துக்குத்தான் போதாது.

செகண்ட் ஹேண்டில் ஃபுல் ஃபிரேம் பாடி தேடுகிறீர்களா? லென்ஸுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள். ஒரு 50 எம்எம் 1.8, ஒரு 24-85 அல்லது 28-75 இருந்தாலே கல்யாணம் முழுதும் எடுத்துவிடலாம். லென்ஸ் மேல் நிக்கான் டிஎக்ஸ், டாம்ரான் டிஐ டூ, சிக்மா டிசி, கேனான் இஎஃப்-எஸ், ஆர்எஃப்-எஸ் என்று இருந்தால் அது கிராப்புக்கானது. சோனியில் பெயரைப் பார்த்து ஏமாறலாம், மாடல் எண்ணைத் தேடிப் பாருங்கள்.

மேடை ஏறும் முன் ஒரு படம் எடுத்து, பிளேபேக்கில் அளவைப் பாருங்கள். 24 மெகாபிக்சல் பாடியில் அகலம் ஆறாயிரம் பிக்சல் வர வேண்டும். நாலாயிரம்கூட வரவில்லையா? வேறு லென்ஸ் இல்லையென்றால் பையிலிருக்கும் பழைய கிராப் கேமராவை வெளியே எடுங்கள், அந்த லென்ஸை அதில் மாட்டுங்கள், குரூப் போட்டோவை அதிலேயே எடுங்கள்.