எச்.ஐ.வி உள்ளவர்களுக்கு இலவச ஆணுறை: எங்கே கேட்பது, சட்டம் என்ன சொல்கிறது

எச்.ஐ.வியைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி மாத்திரை வாங்கச் சென்னையில் தாம்பரம் சானடோரியம், ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனைகளுக்குப் போகிறவர்கள் அங்கேயே ஆணுறையும் இலவசமாகக் கேட்டு வாங்கலாம். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் மாத்திரையைப் போலவே ஆணுறையும் ஒரு பகுதிதான். ரத்தப் பரிசோதனையும் ஆலோசனையும் நடக்கும் நம்பிக்கை மையங்களிலும் கிடைக்கும். வரிசையில் நின்று கேட்கக் கூச்சமாக இருந்தால் கவுன்சலரிடம் தனியாகப் பேசும்போது கேளுங்கள். அதைக் கேட்டுக் கொடுப்பது அவருடைய வேலை. தேங்காய் எண்ணெயோ வாஸலினோ தடவினால் ஆணுறை எளிதில் கிழிந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

“மாத்திரைதான் ஒருநாளும் விடாமல் சாப்பிடுகிறேனே, இனி ஆணுறை எதற்கு?” என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால் உடலுறவு வழியாக எச்.ஐ.வி அடுத்தவருக்குப் போகாது. உலக சுகாதார நிறுவனம் 2023-இல் இதை ஐயத்துக்கு இடமின்றிச் சொன்னது. பயந்து பயந்து விலகிப் படுத்த எத்தனையோ தம்பதிகளுக்கு இது பெரிய நிம்மதி. யாரும் இதை அவர்களிடம் மறைக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

ஆனால் வைரஸ் குறைந்துவிட்டது என்பதை உடம்பு தெம்பாக இருப்பதை வைத்து முடிவு செய்யக் கூடாது. ரத்தத்தில் எவ்வளவு வைரஸ் இருக்கிறது என்று அளக்கும் வைரல் லோடு பரிசோதனைதான் சொல்ல வேண்டும். சிகிச்சை தொடங்கிய 6-ஆம் மாதம், 12-ஆம் மாதம், பிறகு ஆண்டுக்கு ஒரு முறை அதை இலவசமாகச் செய்கிறார்கள். முடிவு என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இடையில் மாத்திரை விட்டுப்போயிருந்தால் பழைய ரிப்போர்ட்டை நம்ப வேண்டாம். அடுத்த பரிசோதனை வரை ஆணுறை கட்டாயம்.

சிபிலிஸ், கொனோரியா போன்ற பால்வினை நோய்களை ஏ.ஆர்.டி மாத்திரை தடுக்காது. கணவன் மனைவி இருவருக்குமே எச்.ஐ.வி இருந்தாலும், ஒருவரிடம் மருந்துக்குக் கட்டுப்படாத வைரஸ் இருந்தால் அது மற்றவருக்குத் தொற்ற வாய்ப்புண்டு. குழந்தை வேண்டும் என்றால் நீங்களாக ஆணுறையை நிறுத்திவிடாமல், முன்கூட்டியே மையத்து மருத்துவரிடம் சொல்லுங்கள். தாய்க்கும் குழந்தைக்கும் பாதுகாப்பாக அதற்கு வழி இருக்கிறது.

இனி சட்டம். எச்.ஐ.வி, எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2017-இல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ளது. தனக்குத் தொற்று இருப்பதும் அது எப்படிப் பரவும் என்பதும் தெரிந்தவர், பிறருக்குப் பரவாமல் தடுக்க நியாயமான எல்லா முன்னெச்சரிக்கையும் எடுக்க வேண்டும் என்கிறது 10-ஆம் பிரிவு. ஆணுறை போடுவது அதில் அடங்கும். உறவுக்கு முன்பே தன் நிலையைச் சொல்லிவிடுவதும் அடங்கும். ஒரு விலக்கை மட்டும் பெண்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். ஆணுறை போடச் சொன்னாலோ உண்மையைச் சொன்னாலோ அடிப்பார், வீட்டைவிட்டுத் துரத்துவார் என்ற நியாயமான அச்சம் ஒரு பெண்ணுக்கு இருந்தால், உடலுறவு பற்றிய இந்தக் கடமை அவரைக் கட்டுப்படுத்தாது. இந்தச் சட்டத்தில் மிகவும் மனிதத்தன்மையோடு எழுதப்பட்ட இடம் இதுதான் என்பேன்.

அதே சட்டத்தின் 9-ஆம் பிரிவின்படி, உங்கள் நிலையைத் துணையிடம் மருத்துவரோ கவுன்சலரோ நினைத்தவுடன் சொல்லிவிட முடியாது. துணைக்குத் தொற்றும் பெரிய ஆபத்து இருக்க வேண்டும். நீங்களே சொல்லும்படி முதலில் ஆலோசனை தந்திருக்க வேண்டும். நீங்கள் சொல்லப்போவதில்லை என்று தெரிந்த பிறகும், தாங்கள் சொல்லப்போவதை உங்களிடம் அறிவித்துவிட்டுத்தான் சொல்லலாம். அப்போதும் துணையிடம் நேரில், உரிய ஆலோசனை தந்த பிறகே. மாமியாரிடமோ முதலாளியிடமோ சொல்ல இந்தப் பிரிவு இடம் தரவில்லை.

சந்தேகம் எதுவானாலும் 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம்.