மாஸ்க் போட்டுத்தான் அடித்தேன் டாக்டர்

சென்ற வாரம் அதிகாலை இரண்டரை மணிக்கு எங்கள் அவசரப் பிரிவுக்கு ஒருவர் வந்தார். முப்பத்தாறு வயது, பெங்களூரில் ஹொரமாவு பக்கம் வீடு. இரண்டு சொல் சேர்ந்தாற்போல் பேச முடியவில்லை. நெபுலைசர் வைத்து, ஸ்டீராய்டு கொடுத்து, ஒரு மணி நேரம் கழித்துப் பேச்சு வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "மாஸ்க் போட்டுத்தான் அடிச்சேன் டாக்டர்."

அவர் ஸ்பிரே அடித்தது, கும்பகோணத்தில் பாட்டி வீட்டை விற்றபோது வந்த தேக்கு ஊஞ்சல் பலகைக்கு. அதற்குப் பளபளவென்று பி.யூ. (பாலியூரித்தேன்) பாலிஷ் போட ஆசைப்பட்டிருக்கிறார். ஆன்லைனில் வாங்கிய கைப்பிடி ஸ்பிரே கன் ஏற்கெனவே கையில் இருந்தது. ஆறு மாதமாகச் சனி ஞாயிறுகளில் செருப்பு அலமாரி, புத்தக அலமாரி என்று ஒவ்வொன்றாக அடித்துப் பழகியிருந்தார். பால்கனியில் அடித்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசனை என்று சண்டைக்கு வருகிறார்கள், வெளியே மழை வேறு. அதனால் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு அடித்திருக்கிறார். மாலை ஆறு மணிக்கு வேலை முடிந்தது, சாப்பிட்டார், படுத்தார். இருமலும் நெஞ்சிறுக்கமும் வந்து எழுப்பியது இரவு ஒரு மணிக்கு. பிறந்ததிலிருந்து ஆஸ்துமா இல்லாத மனிதர்.

இந்த மழைக்காலத்தில் இது எனக்கு நான்காவது ஆள். நான்கு பேரும் அதே வாக்கியத்தைச் சொன்னார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

ஸ்பிரே கன் கூடாது என்று நான் சொல்லவரவில்லை. தண்ணீரில் கலக்கும் எமல்ஷனை, காற்றோட்டமான இடத்தில், சரியான பாதுகாப்போடு அடித்தால் நல்ல கருவிதான். ஆனால் பிரஷ்ஷுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பிரஷ்ஷில் தொட்ட பெயிண்ட் மரத்துக்குப் போகிறது. ஸ்பிரேயில் ஒரு பங்கு மரத்துக்குப் போகும், மிச்சம் பனிமூட்டம்போல் அறையில் நிற்கும். அந்த அறையில் மூச்சு விடுவது நீங்கள்.

இப்போது மாஸ்க் விஷயம். கொரோனாவில் நாமெல்லோரும் என்95 போட்டோம், அது நம்மைக் காப்பாற்றியது, அதனால் அது எதையும் தடுக்கும் என்று மனதில் பதிந்துவிட்டது. கொசுவலைக்குள் படுத்திருக்கிறீர்கள். கொசு வராது. அடுப்படியில் கடுகு தாளிக்கிற வாசனை வராமலா போகும்? என்95 அப்படித்தான். தூசி, கிருமி ஏறிய துளி, மரம் தேய்க்கும்போது பறக்கும் பொடி, பெயிண்ட்டின் ஈரத்துளி, இவற்றையெல்லாம் பெருமளவு பிடிக்கும். பெயிண்ட்டை இளக்கக் கலக்கும் தின்னரிலிருந்து எழும் டொலுயீன், சைலீன் போன்றவை துகள்கள் அல்ல, வாயு. வாயுவை அது பிடிக்கவே பிடிக்காது. விலை கூடிய என்95 பிடிக்காது, இரண்டு மாஸ்க்கை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டாலும் பிடிக்காது, ஈரத் துண்டை மூக்கில் கட்டினாலும் பிடிக்காது. போதாததற்கு, மாஸ்க் பிடித்து வைத்த ஈரத்துளியிலிருந்தும் தின்னர் ஆவியாகி மூக்குக்கு நேராகவே வரும்.

"மாஸ்க் போட்டிருந்தபோது தின்னர் வாசனை வந்ததா?" என்று அவரிடம் கேட்டேன். வந்தது என்றார். வாசனை வந்தது என்றால் பொருளே உள்ளே வந்துவிட்டது என்றுதானே அர்த்தம்?

தின்னருக்கு வேண்டியது இரண்டு பக்கமும் கார்ட்ரிட்ஜ் வைத்த ரப்பர் மாஸ்க். கார்ட்ரிட்ஜுக்குள் வாயுவைப் பிடிக்கும் ஆக்டிவேட்டட் கார்பன் இருக்கும். அதற்கு முன்னால் துளிகளைப் பிடிக்க ஒரு ஃபில்டரும் இருக்க வேண்டும், ஒன்று இல்லாமல் இன்னொன்று போதாது. போட்டதும் கார்ட்ரிட்ஜ் இரண்டையும் உள்ளங்கையால் மூடி மூச்சை இழுத்துப் பாருங்கள். மாஸ்க் முகத்தோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். தாடி இருந்தால் ஒட்டாது. மழித்துவிட்டு வாருங்கள், இல்லை வேலையை வேறு ஆளிடம் கொடுங்கள். கார்ட்ரிட்ஜைப் பையில் மூடி வைக்காமல் ஆணியில் தொங்கவிட்டால், சும்மா இருக்கும்போதே அதன் ஆயுள் குறையும்.

அடுத்தது வெல்லம். "வேலை முடிஞ்சதும் வெல்லம் சாப்பிட்டுட்டேன்", "வாழைப்பழம் சாப்பிட்டா எல்லாம் வெளியே வந்துடும்", "பால் குடிச்சேன்". படித்தவர், படிக்காதவர் என்ற வித்தியாசமே இல்லாமல் எல்லோரும் சொல்கிறார்கள். வெல்லம் போவது உணவுக்குழாய் வழியாக வயிற்றுக்கு. பெயிண்ட் போனது மூச்சுக்குழாய் வழியாக நுரையீரலுக்கு. இரண்டும் தொண்டையிலேயே பிரிந்துவிடுகின்றன. வயிற்றில் இருக்கும் வெல்லம் நுரையீரலில் இருக்கும் எதையும் தேடிப்போய்க் கழுவாது. வெல்லம் சாப்பிடுங்கள், நல்லது. அதை நம்பி மாஸ்க்கைக் கழற்றாதீர்கள்.

சரி, பி.யூ. விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு டப்பாவாக வாங்கிக் கலக்கும் பி.யூ. பாலிஷில் சின்ன டப்பாவுக்கு ஹார்டனர் என்று பெயர். அதில் இருப்பது ஐசோசயனேட். உலகம் முழுவதும், தொழிலால் வரும் ஆஸ்துமாவுக்கு முக்கியமான காரணங்களில் ஒன்று அது. 1984 டிசம்பரில் போபாலில் கசிந்ததும் இதே குடும்பத்து வாயுதான். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. போபாலில் இருந்தது எளிதில் ஆவியாகும் மீத்தைல் ஐசோசயனேட். ஹார்டனரில் இருப்பது வேறு வகை, அவ்வளவு சுலபமாக ஆவியாகாது. ஆனால் ஸ்பிரே கன் அது ஆவியாகும்வரை காத்திருப்பதில்லை. துளித்துளியாக உடைத்துக் காற்றில் ஏற்றிவிடுகிறது.

இதில் மூன்று சிக்கல்கள். வாசனையை வைத்து எச்சரிக்கையாக இருக்க முடியாது; மூக்குக்குத் தெரியும்போதே அளவு மீறியிருக்கும். பல நேரம் அடிக்கும்போது ஒன்றும் செய்யாது, நான்கைந்து மணி நேரம் கழித்து, தூக்கத்தில்தான் நெஞ்சு இறுகும். அதனால் நோயாளி "ராத்திரி தயிர் சாப்பிட்டேன்" என்று தயிரைக் குறை சொல்வார். அப்புறம், உடம்பு ஒருமுறை இதற்கு ஒவ்வாமை ஆகிவிட்டால் மிகச் சிறிய அளவு பட்டாலும் மூச்சுத் திணறல் வரும். ஊஞ்சல்காரர் ஆறு மாதமாக அலமாரிகளுக்கு அடித்ததும் இதே பாலிஷ்தான். அப்போதெல்லாம் லேசான இருமல் இருந்ததாம், பெங்களூர்க் குளிர் என்று விட்டுவிட்டார்.

கார்ட்ரிட்ஜ் மாஸ்க்கும் இங்கே முழு நம்பிக்கைக்கு உரியது அல்ல. கார்பன் தீர்ந்துவிட்டதை வாசனையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது என்பதால், முறையான பட்டறைகளில் வெளிக்காற்றைக் குழாய் வழியாக மாஸ்க்குக்குக் கொடுத்து, தனி ஸ்பிரே அறையில் அடிப்பார்கள். ஆகவே தயவுசெய்து ஹார்டனர் கலந்த எதையும் வீட்டுக்குள் ஸ்பிரே அடிக்காதீர்கள். அந்தப் பளபளப்பு வேண்டுமென்றால் பலகையை அப்படிப்பட்ட பட்டறைக்குக் கொடுங்கள்.

இதைப் படிக்கும் உங்களில் பலர் ஸ்பிரே கன்னைத் தொடவே மாட்டீர்கள், ஆள் வைத்து அடிப்பீர்கள். உங்களிடம் சொல்ல வேண்டியது இன்னும் முக்கியம். கள்ளக்குறிச்சிப் பக்கமிருந்து வந்து அல்சூரில் தங்கி வேலை பார்க்கும் ஒரு பையன், இருபத்தாறு வயது, ஐந்து வருடமாக பி.யூ. அடிக்கிறான். முகத்தில் கட்டுவது கர்சீப். கிளினிக்கில் ஊதச் சொன்னபோது பரிசோதனை கிட்டத்தட்ட சரியாக வந்தது. பத்து நாள் வேலைக்குப் போகாமல் வந்திருந்தான், அதனால்தான். (இளம் மருத்துவர்கள் படித்தால்: ஸ்பைரோமெட்ரி என்ற இந்த ஊதும் பரிசோதனை ஒருநாள் சரியாக வந்தது என்று அனுப்பிவிடாதீர்கள். வேலை நாளிலும் லீவு நாளிலும் பீக் ஃப்ளோ, அதாவது மூச்சை ஊதும் வேகத்தை, எழுதி வரச் சொல்லுங்கள்.) இந்த வேலையை விட்டால்தான் நுரையீரல் தேறும், எவ்வளவு சீக்கிரம் விடுகிறாயோ அவ்வளவு நல்லது என்றேன். "எனக்கு வேற வேலை தெரியாது மேடம்" என்றான். அவனுக்கு எழுதித்தர என்னிடம் இன்ஹேலர்தான் இருந்தது.

பெயிண்டருக்குக் கூலி பேசும்போதே கார்ட்ரிட்ஜ் மாஸ்க்குக்கும் சேர்த்துப் பேசுங்கள். "சீக்கிரம் முடிங்க, நாளைக்கு விருந்தாளி வர்றாங்க" என்று கதவைச் சாத்தி அடிக்க வைக்காதீர்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும், தவழும் குழந்தையின் உயரம் அதுதான். டொலுயீன் தீப்பற்ற அறைச் சூடுகூடத் தேவையில்லை, 4 டிகிரியிலேயே பற்றக்கூடிய ஆவியை விடும். சாமி விளக்கு, கேஸ் அடுப்பு, கீஸர், சுவிட்ச் போடும்போது வரும் பொறி, எல்லாமே ஆபத்து. மின்சார ஸ்பிரே கன்னின் மோட்டாரிலும் பொறி உண்டு. எந்தத் திரவத்தை ஊற்றலாம் என்று கையேட்டில் போட்டிருக்கும், அதைப் படியுங்கள். ஒரே ஒரு ஜன்னலைத் திறப்பது காற்றோட்டம் ஆகாது, எதிரெதிரே இரண்டு வேண்டும். சீலிங் ஃபேன் காற்றைச் சுற்றத்தான் செய்யும், வெளியேற்றாது. கர்ப்பிணிகளும், குழந்தைகளும், ஆஸ்துமா உள்ளவர்களும் அன்று உறவினர் வீட்டில் இருக்கட்டும்.

பழைய கதவைத் தேய்க்கும் முன் ஒரு நிமிடம் யோசியுங்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. மல்லேஸ்வரத்திலும் ஃப்ரேசர் டவுனிலும் உள்ள பழைய வீட்டுக் கதவுகளில் அதற்கு முந்தைய பெயிண்ட் அடுக்கடுக்காக இருக்கக்கூடும். உலர்ந்த நிலையில் சாண்ட் பேப்பர் போடாதீர்கள். தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், பொடியைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

அடித்த அன்று இரவு இருமலோ, விசில் சத்தமோ, நெஞ்சிறுக்கமோ வந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். பேசவே மூச்சு வாங்கினால் 108. எங்களிடம் வரும்போது பெயிண்ட், தின்னர், ஹார்டனர் மூன்று டப்பாவின் லேபிளையும் படம் எடுத்து வாருங்கள். டப்பாவைக் கொண்டு வராதீர்கள், வெளியே உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் ஆஸ்துமா நோயாளிகள்.