சி.எஸ்.ஆர். – பெருநிறுவன சமூகப் பொறுப்பு: சொல் விளக்கம்

‘சி.எஸ்.ஆர். நிதி’ என்ற தொடரைப் படித்துப் படித்து, சி.எஸ்.ஆர். என்பதே ஏதோ ஒருவகை நன்கொடையின் பெயர் என்று பலரும் எண்ணிவிட்டனர். ஆனால் ‘கார்ப்பரேட் சோஷியல் ரெஸ்பான்சிபிலிட்டி’ என்னும் அதன் விரிவில் பணத்தைக் குறிக்கும் சொல் ஒன்றுகூட இல்லை.

‘கார்ப்பரேட்’ என்பதன் வேர், உடல் என்று பொருள்படும் ‘கார்ப்பஸ்’ என்ற இலத்தீன் சொல். பலர் ஒன்றுசேர்ந்து சட்டத்தின் பார்வையில் ஓர் உடலாக நிற்பதையே அது குறித்தது. ‘ரெஸ்பான்சிபிலிட்டி’யின் வேர் ‘ரெஸ்பாண்டேரே’. பதிலுக்கு உறுதி கூறுதல், மறுமொழி அளித்தல் என்பன அதன் பொருள்கள். ஆகவே, ஓர் உடலாக நின்று ஈட்டும் நிறுவனம், தன் செயலுக்குச் சமூகத்தின்முன் மறுமொழி சொல்லக் கடமைப்பட்டது என்பதே இத்தொடரின் உட்பொருள்.

வணிகரின் சமூகப் பொறுப்புகள் குறித்து அமெரிக்கப் பொருளியலாளர் ஹோவர்டு போவன் எழுதிய நூல் 1953இல் வெளிவந்தபின் இக்கருத்து கல்வி உலகில் வேரூன்றியது. அரசுகள் இதைக் கொள்கையாக்கியபோதுதான் பொருளில் வேறுபாடுகள் தோன்றின. நிறுவனங்கள் தாமாக முன்வந்து செய்வது என்று 2001இல் வரையறுத்த, ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம், 2011இல் அதைக் கைவிட்டு, ‘சமூகத்தின்மீது தாம் ஏற்படுத்தும் தாக்கங்களுக்கு நிறுவனங்கள் ஏற்கும் பொறுப்பு’ என்று மாற்றி எழுதியது. இந்தச் சிறிய திருத்தத்தை நான் மிகவும் மதிக்கிறேன். விருப்பத்தின்பாற்பட்டிருந்த ஒன்று அதனால் விளைவின்பாற்பட்டதாயிற்று. இந்தியாவோ வேறு வழியில் சென்றது. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், 135ஆம் பிரிவில், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் குறைந்தது 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. வழக்கமான தொழில் நடவடிக்கைகள் இக்கணக்கில் சேரா. இலாபம் எவ்வாறு ஈட்டப்பட்டது என்பதைவிட, ஈட்டியபின் எவ்வளவு செலவிடப்பட்டது என்பதே இங்கு அளவுகோலாவதால், ‘நிதி’ என்ற ஒட்டு இச்சொல்லோடு சேர்ந்துகொண்டதில் வியப்பில்லை.

தமிழில் ‘பெருநிறுவன சமூகப் பொறுப்பு’ என்பது பரவலான வழக்கு. இலங்கைத் தமிழில் ‘கூட்டாண்மை சமூகப் பொறுப்பு’ என்பர். ‘கூட்டாண்மை’ பலர் சேர்ந்த தன்மையைக் காட்டுகிறது. ‘பெருநிறுவனம்’ அளவை மட்டுமே காட்டினாலும் எளிதில் விளங்குகிறது. ‘பொறுப்பு’ என்பதற்கு மாற்றாகக் ‘கடப்பாடு’ என்பாரும் உளர். அது பழமையான நல்ல சொல்தான். எனினும் ‘கைம்மாறு வேண்டா கடப்பாடு’ என்று, பிறர்க்கு உதவி வாழும் ஒப்புரவை வள்ளுவர் சொல்லுமிடத்தில், பயன் கருதாது உலகுக்கு வழங்கும் மழையே உவமையாக வருகிறது. தன் ஆலைக்கழிவைத் தூய்மைப்படுத்தும் நிறுவனம் எதையும் வழங்கவில்லை. தான் உண்டாக்கிய சுமையைத் தானே தாங்குகிறது. ‘பொறு’ என்னும் வினைக்குத் தாங்குதல், சுமத்தல் என்றே பொருள். சுமையைக் குறிக்கும் ‘பொறை’யும் அதன் வழிவந்ததே. ஆங்கிலச் சொல் மறுமொழி கூறுவதோடு நிற்க, தமிழ்ச் சொல் சுமப்பதையும் சேர்த்துச் சொல்வதால், ‘பொறுப்பு’ என்பதே இவ்விடத்திற்குப் பொருத்தமானது. செலவுத் தொகையைக் குறிக்க வேண்டுமாயின் ‘சமூகப் பொறுப்புச் செலவினம்’ என்று தனியே எழுதலாம்.

இதனோடு இணைந்தே வரும் ‘சஸ்டெய்னபிள் டெவலப்மென்ட்’ என்பதை ‘நீடித்த வளர்ச்சி’ என்று எழுதுவோர் மிகுதி. வருங்காலத் தலைமுறையினர் தம் தேவைகளை நிறைவுசெய்துகொள்ளும் ஆற்றலைக் குலைக்காமல் இன்றைய தேவைகளை நிறைவுசெய்யும் வளர்ச்சி என்று, சுற்றுச்சூழலும் வளர்ச்சியும் குறித்து ஆராய ஐ.நா. அமைத்த புருண்ட்லாந்து ஆணையம் 1987இல் அதற்கு விளக்கம் தந்தது. ‘நீடித்த’ என்னும் அடைமொழி, இடைவிடாது வளர்ந்துகொண்டே போவது என்ற பொருளுக்கும் இடந்தருகிறது. ‘வளங்குன்றா வளர்ச்சி’ என்பதில் அந்த மயக்கம் இல்லை.