காய்ச்சலை ஏன் மறைத்தார்? பெருந்தொற்றுக் காலத்தில் மார்பகப் புற்றுநோயாளியின் இதம்

கொரோனா பெருந்தொற்றின் முதல் ஆண்டில், கீமோதெரபி பகல்நேரப் பிரிவில் நான் செவிலியராகப் பணியிலிருந்தபோது, மூன்றாம் சுற்று மருந்து ஏற்றிக்கொண்ட பத்தாம் நாளில் ஓர் அம்மா இரத்தப் பரிசோதனைக்கு வந்தார். நுழைவாயிலில் வெப்பமானி இயல்பான அளவைக் காட்டியதால் அவரை உள்ளே விட்டிருந்தார்கள். ஊசி போடக் கையைப் பிடித்தபோது உள்ளங்கை வியர்வையில் நனைந்திருந்தது, உதடு வறண்டிருந்தது, நாடி படபடத்தது. மெல்ல விசாரித்தபோதுதான், முந்தைய இரவிலிருந்தே குளிரும் காய்ச்சலுமாக இருந்ததையும், வாசலில் பிடித்துவிடுவார்கள் என்று பயந்து இரண்டு பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வந்ததையும் சொன்னார். "காய்ச்சல்னு சொன்னா கொரோனா வார்டுல தனியாப் போட்டுடுவீங்களே சிஸ்டர்" என்று சொன்னபோது அவர் குரல் உடைந்துவிட்டது.

கீமோ மருந்து ஏறிய பிறகு, பெரும்பாலும் 7 முதல் 14 நாள்களுக்குள், தொற்றை எதிர்க்கும் வெள்ளணுக்கள் மிகக் குறைந்த அளவுக்கு இறங்கிவிடுகின்றன. அந்த நாள்களில் உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸை, அதாவது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் அது அவசர நிலை; ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும். பாராசிட்டமால் தொற்றைக் குணப்படுத்தாது, அடையாளத்தை மட்டுமே மறைக்கும். அந்த அம்மாவுக்கு மருந்தை உடனே தொடங்க முடிந்ததால் பிழைத்துக்கொண்டார். இந்த விதி அவருக்குத் தெரியாததில்லை. முதல் சுற்றிலேயே நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். தெரிந்ததைச் செய்யவிடாமல் தடுத்தது தனிமையைப் பற்றிய அச்சம். அன்றிலிருந்து, நோயாளியின் இதம் என்பதைச் சிகிச்சை முடிந்தபின் நேரமிருந்தால் கவனிக்க வேண்டிய விஷயமாக என்னால் கருத முடியவில்லை.

'இதம்' என்ற சொல்லை யோசித்தே எழுதுகிறேன். 'வசதி' என்றால் கட்டிலும் மின்விசிறியும் நினைவுக்கு வருகின்றன. 'ஆறுதல்' என்றால் மனத்தோடு நின்றுவிடுகிறது. செவிலியர் கல்வியில், அமெரிக்கச் செவிலியர் அறிஞர் கேத்தரின் கோல்காபா வகுத்த கோட்பாடு, உடல், மனமும் ஆன்மிகமும், சுற்றுச்சூழல், உறவும் சமூகமும் என்று நான்கு தளங்களில் நோயாளியின் இதத்தைப் பார்க்கச் சொல்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 11 அன்று பெருந்தொற்றை அறிவித்த பிறகு மருத்துவமனைகள் கொண்டுவந்த கட்டுப்பாடுகள் இந்த நான்கையும் ஒரே நேரத்தில் தொட்டன. அதே ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 23 லட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டதாக மதிப்பிடப்பட்டது. அந்தக் கட்டுப்பாடுகள் தேவையானவையே. அவற்றை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவற்றால் நோயாளி எதை இழக்கிறார் என்று ஒருவர் கணக்கெடுத்து, இழந்ததை வேறு வழியில் திருப்பித் தந்திருக்க வேண்டும்.

உடலிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் சின்னச் சின்ன உபாதைகளை நோயாளிகள் தாமாகச் சொல்வதில்லை. கேப்பசிட்டபின் என்ற கீமோ மாத்திரை எடுப்பவர்களுக்கு உள்ளங்கையும் பாதமும் சிவந்து, தோல் உரிந்து, வெடிப்பு விடுவதுண்டு. அந்தக் கையில் வாசலுக்கு வாசல் ஆல்கஹால் கலந்த சானிடைசரை ஊற்றினால் என்ன ஆகும்? ஒருவர் கையை நீட்டித் திரவத்தை வாங்கிக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் புடவைத் தலைப்பில் ஒற்றித் துடைத்ததைப் பார்த்தேன். கையை விரித்துக் காட்டச் சொன்னபோது, ரேகைகள் நெடுக ஊசிமுனை அளவு இரத்தப் புள்ளிகள். அவருக்கு வேண்டியிருந்தது வெதுவெதுப்பான நீர், மென்மையான சோப்பு, தேய்க்காமல் ஒற்றி எடுக்க ஒரு துணி, ஈரப்பதம் தரும் களிம்பு, அவ்வளவுதான். முறையாகக் கழுவினால் சோப்பும் நீரும் வைரஸைப் போக்கப் போதும் என்பதால் பாதுகாப்பிலும் குறை வராது. முகக்கவசமும் இப்படித்தான்: குமட்டலோடும் வாய்ப்புண்ணோடும் இருப்பவர் தன் மூச்சையே மணிக்கணக்கில் முகர வேண்டியிருந்தது, ஹார்மோன் சிகிச்சையால் திடீர் வெப்பம் பொங்குபவருக்கு மூச்சுமுட்டியது. உப்பும் சமையல் சோடாவும் கலந்த நீரில் வாய் கொப்பளிக்க வைப்பது, ஈரமான கவசத்தை மாற்றித் தருவது, காற்றோட்டமான ஜன்னலோர இருக்கையை ஒதுக்குவது ஆகியவற்றுக்குப் பெரிய செலவில்லை.

மருத்துவமனையில் இருக்கும் நேரத்தைக் குறைத்ததில் நல்ல மாற்றங்களும் வந்தன. சிலவகை மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் டிராஸ்டுசுமாப் மருந்தை நரம்பு வழியாக ஏற்ற முதல் முறை 90 நிமிடமும் பிறகு 30 நிமிடமும் ஆகும். தோலடி ஊசியாகத் தொடையில் போட 2 முதல் 5 நிமிடம் போதும். மூன்று வாரங்களில் 15 தடவை தரும் கதிர்வீச்சுக்குப் பதிலாக ஒரே வாரத்தில் 5 தடவை, மொத்தம் 26 கிரே (கதிர்வீச்சின் அளவலகு), தருவது தகுதியான நோயாளிகளுக்குப் பலனில் குறைந்ததல்ல என்று காட்டிய பிரிட்டிஷ் ஆய்வின் ஐந்தாண்டு முடிவுகள் 2020இல் வெளியாயின. ஹார்மோன் ஏற்பி உள்ள, அதாவது ஹார்மோனின் தூண்டலில் வளரும் கட்டிகளுக்கு அறுவை சிகிச்சையைத் தள்ளிவைத்து, அந்த ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை தொடங்கியதும் உண்டு. ஆனால் காரணத்தைச் சொல்லாமல் சிகிச்சையைச் சுருக்கினாலோ தள்ளிவைத்தாலோ, "என்னைக் கைவிட்டுட்டாங்க" என்றே நோயாளி புரிந்துகொள்கிறார். ஐந்து நிமிடம் உட்கார்ந்து விளக்குவதும் மருந்தே.

உடனிருப்பவருக்கு அனுமதி இல்லாதது எல்லாவற்றையும்விட ஆழமாகக் குத்தியது. மார்பகம் அகற்றப்பட்ட பிறகு முதல்முறை காயக்கட்டைப் பிரிக்கும் நேரம் இருக்கிறதே, அந்த நேரத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டும். முழுக்கவச உடைக்குள் எங்கள் கண்கள் மட்டுமே தெரிந்தன. யார் யார் என்றுகூட அவர்களுக்கு விளங்கவில்லை. எங்கள் பெயரையும் சிரித்த முகப் படத்தையும் அச்சிட்டு உடையின் நெஞ்சுப்பகுதியில் ஒட்டிக்கொண்ட நாளில்தான் பலர் எங்களிடம் பேசவே தொடங்கினார்கள். கட்டைப் பிரிக்கும் முன், "இப்பவே பார்க்கணுமா, இன்னொரு நாள் பார்க்கலாமா, வீட்டில் யாரையாவது வீடியோ அழைப்பில் கூப்பிடட்டுமா?" என்று கேட்கத் தொடங்கினோம். இந்த மூன்று கேள்விகளும் அவருடைய உடல்மீது அவருக்குள்ள உரிமையைத் திருப்பித் தருகின்றன. பரிசோதனை முடிவைச் சொல்லும்போது குடும்பத்தினர் ஒருவரைத் தொலைபேசியில் இணைப்பதும், வார்டிலிருந்து தினமும் ஒரே நேரத்தில் வீட்டுக்கு அழைப்பதும் அப்படித்தான். நேரம் நிச்சயமாகத் தெரிந்தால் காத்திருப்பு சித்திரவதையாக இருப்பதில்லை.

தடுப்பூசி வந்தபோது புதிய அச்சம் ஒன்றும் வந்தது. கொரோனா தடுப்பூசிக்குப் பிறகு, ஊசி போட்ட பக்கத்து அக்குளில் நெறிக்கட்டி சில வாரங்கள் வீங்குவதுண்டு. புற்றுநோய் திரும்பிவிட்டதோ என்று இரவெல்லாம் தூங்காமல் கிடந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எனவே நோய் இருந்த மார்பகத்துக்கு எதிர்ப்பக்கக் கையில் போட்டுக்கொள்ளுமாறும், இரு பக்கமும் அறுவை நடந்திருந்தால் தொடையில் போடலாமா என்று மருத்துவரைக் கேட்குமாறும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. வீக்கம் தணியாவிட்டால் காத்திருக்காமல் காட்ட வேண்டும்.

கீமோ எடுத்துக்கொள்ளும் சகோதரிகளுக்கும் அவர்களுடைய வீட்டாருக்கும் ஒரு வேண்டுகோள். உடல் சுட்டால் முதலில் வெப்பமானியை வையுங்கள். மாத்திரை போட்டுவிட்டு அளக்காதீர்கள். 38 டிகிரியைத் தொட்டால் நள்ளிரவானாலும் உங்கள் பிரிவுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். வாசலில் உங்கள் முதல் வார்த்தை, "எனக்குக் காய்ச்சல் இருக்கிறது, கடைசிக் கீமோ இந்தத் தேதியில் போட்டது" என்பதாக இருக்கட்டும். அந்த வார்த்தையைக் கேட்டதும் உங்களைக் காத்திருப்போர் வரிசையில் நிறுத்தாமல், தனி அறைக்கு நேரே அழைத்துப்போய், எந்த நர்ஸ் உங்களோடு இருப்பார், பரிசோதனை முடிவு எப்போது வரும், வீட்டாரோடு எப்போது பேசலாம் என்பதைச் சொல்ல வேண்டியது எங்கள் கடமை. சொல்லாவிட்டால் தயங்காமல் கேளுங்கள்.