தாய் ஆடு குட்டிக்கு வைக்கும் பெயர்

வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: "வீட்டில் கொஞ்சம் செம்மறி வைத்திருக்கிறோம். ஒன்று இப்போது இரட்டைக்குட்டி போட்டிருக்கிறது. என் மகள் இரண்டுக்கும் பெயர் வைத்தே தீருவேன் என்கிறாள். மாமியாரோ, பால்குட்டிக்குப் பேர் வைத்தால் கண்பட்டுவிடும், தாய் ஒதுக்கிவிடும் என்று தடுக்கிறார். பெயர் வைத்தால் குட்டிக்குத் தெரியுமா? தாய் எப்படி இரண்டையும் அடையாளம் வைத்துக்கொள்கிறது?"

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மற்ற இரண்டுக்கும் விடை அதற்குள்தான் இருக்கிறது.

நாம் பெயர் வைக்கும் முறை எளிது. நிறத்தைப் பார்ப்போம், நெற்றியைப் பார்ப்போம், கொம்பைப் பார்ப்போம். செவலை, கருப்பி, சுட்டி, மோழை என்று பெயர் தானாக வந்துவிடும். தூத்துக்குடிப் பக்கத்து வேம்பூர் ஆடு என்றால் வேலை இன்னும் சுலபம். வெள்ளை உடம்பில் செம்பழுப்புத் திட்டுகள் தாறுமாறாக விழுந்திருக்கும், ஒன்றைப் போல ஒன்று இருக்காது. சேலத்து மேச்சேரி ஆட்டில் இது நடக்காது. மந்தை முழுக்க ஒரே பழுப்பு. ஆனால் தாய் ஆட்டுக்கு நிறம் ஒரு பொருட்டே இல்லை. கும்மிருட்டிலும் அது தன் குட்டியைக் கண்டுபிடித்துவிடும்.

கிடை போடும் இடத்தில் சாயங்காலம் போய் நின்று பாருங்கள். மேய்ச்சலுக்குப் போன மந்தை திரும்பும். பகலெல்லாம் கூண்டில் அடைத்து வைத்த குட்டிகளைத் திறந்துவிடுவார்கள். புழுதிக்குள் எல்லாம் ஒரே நேரத்தில் கத்தும். கொஞ்ச நேரத்தில் சத்தம் அடங்கி, ஒவ்வொரு குட்டியும் அதனதன் தாயிடம் நிற்கும். அப்போது குட்டி நிற்கும் கோணத்தைக் கவனியுங்கள். தாயின் பக்கவாட்டில், தலை மடிப்பக்கமும் வால் தாயின் முகத்துப் பக்கமுமாக நிற்கும். வால் விடாமல் ஆடிக்கொண்டிருக்கும். தாய் கழுத்தைத் திருப்பி அந்த வாலடியை மோந்து பார்க்கும். சொந்தக் குட்டி என்றால் அசையாமல் நின்று பால் கொடுக்கும். வேறு குட்டி என்றால் ஒரே முட்டு. திருட்டுப் பால் குடிக்க வரும் குட்டிகள் பக்கவாட்டில் வருவதில்லை, பின்னங்கால்களுக்கு நடுவே தலையை நுழைக்கும். தாயின் மூக்கு அங்கே எட்டாது.

ஆக, தாய் வைக்கும் பெயர் ஒரு வாசனை. அது மூளையில் எழுதப்படும் விதத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பிரமிப்புதான்.

சாதாரண நாளில் செம்மறிக்குப் பனிக்குட நீரின் வாடை ஆகாது. தீவனத்தில் அது பட்டிருந்தால் வாய் வைக்காது. குட்டி பிறக்கும் நேரத்தில் இது அப்படியே தலைகீழாகிவிடும். அந்தச் சில மணி நேரம் மட்டும் ஆடு அதே வாடையைத் தேடிப்போய், குட்டியை நக்கு நக்கென்று நக்கும். இந்த மாற்றத்தைத் தொடங்கிவைப்பது பிறப்புவழி விரிவதுதான். விரிந்த சேதி நரம்பு வழியாக முதுகுத்தண்டில் ஏறி மூளைக்குப் போகிறது. மூளைக்குள் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. ரத்தத்தில் கலந்து கருப்பையைச் சுருங்க வைத்துப் பாலை இறக்கும் அதே ஆக்ஸிடோசின்தான். ஆனால் இது மூளைக்குள்ளேயே தனியாகச் சுரந்து வேறு வேலை பார்க்கிறது. 1983இல் வெளியான ஓர் ஆய்வில், சினைப்படாத ஆடுகளுக்கு ஹார்மோன் கொடுத்துத் தயார்செய்து, பிறப்புவழியைச் சில நிமிடம் செயற்கையாகத் தூண்டினார்கள். சினையே இல்லாத அந்த ஆடுகள் முன்னால் விட்ட புதுக்குட்டியை நக்கத் தொடங்கிவிட்டன.

ஆனால் இது எந்தக் குட்டியிடமும் காட்டும் பாசம். 'இது என்னுடையது' என்பது அடுத்த கட்டம். அது நடப்பது மூக்குக்குப் பின்னால் இருக்கும் முகர்வுக் குமிழில். அங்கே மைட்ரல் செல்கள் வாசனையை மூளைக்குள் அனுப்புகின்றன. பக்கத்தில் இருக்கும் சிறு செல்கள், காபா என்ற வேதிப்பொருளைச் சுரந்து அவற்றை அடக்கி வைக்கின்றன. குட்டி பிறக்கும் நேரத்தில் நார்அட்ரினலின் என்ற இன்னொரு மூளை வேதிப்பொருளும் ஆக்ஸிடோசினும் இங்கே வந்து சேர, அந்தப் பிடி தளர்கிறது. அந்த வேளையில் மூக்கில் ஏறும் குட்டியின் வாசனை, சில மைட்ரல் செல்களை மிக வலுவாகத் தூண்டிவிடுகிறது. உடனே நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயு உருவாகி, எந்த இணைப்புகள் அப்போது வேலை செய்தனவோ அவற்றுக்கே திரும்பிப்போய் அவற்றை உறுதியாக்குகிறது. ஈரச் சிமெண்டில் கால் பதிகிற மாதிரிதான் இது, காய்வதற்குள் பதிந்தது நிற்கும். இதற்குக் கிடைக்கும் அவகாசம் ஏறக்குறைய இரண்டு மணி நேரம்.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜுக்கு அருகிலுள்ள பாப்ரஹாம் ஆய்வு நிலையத்தில் கீத் கென்ட்ரிக், பிரான்சில் ஃபிரெடரிக் லெவி ஆகியோரின் குழுக்கள் இதைத் துருவித் துருவிப் பார்த்தன. 1992இல் அவர்கள் காட்டியது இது: ஈனுவதற்கு முன் முகர்வுக் குமிழின் செல்கள் பெரும்பாலும் தீவன வாசனைக்குத்தான் துடித்தன, குட்டி வாசனையைச் சட்டை செய்யவில்லை. ஈன்ற பிறகு நிறையச் செல்கள் குட்டி வாசனைக்கு மாறிவிட்டன. அவற்றில் ஒரு பகுதி சொந்தக் குட்டியின் வாசனைக்குத் தனியாகத் துடித்தது. 1997இல் இன்னொரு படி மேலே போனார்கள். நைட்ரிக் ஆக்ஸைடு உருவாகாமல் தடுத்தபோது ஆடு குட்டியை நக்கியது, பாலும் கொடுத்தது, ஆனால் தன் குட்டி எது, அடுத்ததன் குட்டி எது என்று பிரித்தறியவில்லை. பாசம் ஒரு வழியில் வருகிறது, அடையாளம் இன்னொரு வழியில் வருகிறது. ஒரே மூளைக்குள் இரண்டும் தனித்தனி வேலைகள் என்பதை இவ்வளவு சுத்தமாகப் பிரித்துக் காட்டிய பரிசோதனை எனக்குத் தெரிந்து வேறில்லை.

இப்போது மாமியாரின் பயத்துக்கு வருவோம். அவர் பார்த்தது பொய்யில்லை. இரட்டையில் ஒன்றைத் தாய் ஒதுக்குவது நடக்கத்தான் செய்கிறது. இரண்டு குட்டியின் வாசனையையும் தாய் தனித்தனியாகப் படித்தாக வேண்டும். அந்த முதல் மணிகளில் ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டு போய்த் துடைத்து, குளிப்பாட்டி, மஞ்சள் தடவி, பிள்ளைகள் மடிமாற்றி மடிமாற்றிக் கொஞ்சிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து விட்டால், தாய்க்கு அது அறிமுகமில்லாத குட்டி. பெயர் வைக்கும் ஆசையில்தானே தூக்கினார்கள்? பழி பெயர்மேல் விழுந்துவிடுகிறது. கண்ணேறு என்று எலுமிச்சையும் கயிறும் தேடி ஓடுவதில் எனக்கு ஒரே ஒரு கோபம் உண்டு. அந்த நேரத்தில் குட்டிக்குச் சீம்பால் கிடைக்காமல் போகிறது. செம்மறிக் குட்டிக்குத் தாயின் நோய் எதிர்ப்புப் பொருள் கருப்பையில் வராது, சீம்பாலில்தான் வரும். அதை உறிஞ்சும் திறன் குடலுக்கு முதல் ஒரு நாளில் போய்விடும். ஒதுக்கிய தாயைப் பிடித்து நிறுத்தி ஊட்டுங்கள், முடியாவிட்டால் கறந்து புகட்டுங்கள். பரிகாரம் அப்புறம் இருக்கட்டும்.

தாயில்லாக் குட்டியை வேறு ஆட்டோடு சேர்க்க உலகமெங்கும் மேய்ப்பர்கள் செய்யும் உபாயமும் இதே அறிவிலிருந்து வந்ததுதான். செத்த குட்டியின் தோலை அநாதைக் குட்டிக்குப் போர்த்திவிடுவார்கள், அல்லது ஈனும் ஆட்டின் பனிக்குட நீரை அதன்மேல் பூசுவார்கள். நம்மூரில் கன்று செத்த பசுவின் முன்னால் தோல்கன்றை நிறுத்திக் கறந்தவர்களும் வாடையின் வலிமையை அறிந்தவர்களே.

சரி, மூக்கு கிட்டத்தில்தான் வேலை செய்யும். தூரத்தில்? முகமும் குரலும் உதவுகின்றன. ஆஸ்திரேலியாவில் மெரினோ என்ற செம்மறி இனத்துக் குட்டிகளின் உடம்பில் வெவ்வேறு இடங்களில் கறுப்புச் சாயம் பூசிப் பார்த்தார்கள். தலையின் நிறம் மாறியபோதுதான் தாய்கள் அதிகம் தடுமாறின. குரலைப் பொறுத்தவரை, பிறந்த இரண்டு நாட்களுக்குள் தாயும் குட்டியும் ஒன்றின் கத்தலை மற்றொன்று பிரித்தறிகின்றன. வாயை மூடியபடி தாய் மெல்ல உறுமுவதைக் குட்டியின் பக்கத்தில் இருந்தால் கேட்கலாம். தூரத்தில் தேடும்போதுதான் வாய் திறந்த கத்தல்.

நம் பெயர் இந்த வரிசையில் எங்கே சேரும்? குட்டியைப் பொறுத்தவரை பெயருக்குப் பொருள் கிடையாது, பால் வரப்போகிறது என்பதைச் சொல்லும் ஒரு சத்தம்தான் அது. ஆனால் அந்தச் சத்தத்தை அது கற்றுக்கொள்ளும். புட்டிப்பால் குட்டி தன்னைக் கூப்பிடும் குரலுக்கு ஓடிவருவது அதனால்தான். செம்மறி மந்த புத்தி என்பது வெறும் பழிச்சொல். 2001இல் கென்ட்ரிக் குழு, செம்மறிகள் 50 ஆடுகளின் முகத்தை இரண்டு ஆண்டு வரை நினைவில் வைத்திருந்ததைக் காட்டியது. 2017இல் கேம்பிரிட்ஜில் எட்டு வேல்ஸ் மலை ஆடுகள், ஒபாமா உள்ளிட்ட நான்கு பிரபலங்களின் முகத்தைப் படத்தில் பார்த்து அடையாளம் காணக் கற்றன. தங்களைப் பராமரித்தவரின் படத்தைத் தனிப் பயிற்சி இல்லாமலே தேர்ந்தெடுத்தன.

ஒன்று வருத்தமாக இருக்கிறது. மெரினோவும் வேல்ஸ் ஆடும் நமக்குச் சொல்லும் கதையை நம்மூர் இனங்களான மேச்சேரியும் கீழக்கரிசலும் ராமநாதபுரம் வெள்ளையும் சொல்லுமா? பொட்டனேரியிலும் சாண்டிநல்லாவிலும் செம்மறி ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கின்றன. உடல் எடையோடு சேர்த்து ஆட்டின் மனத்தையும் ஆராய அரசு பணம் ஒதுக்க வேண்டும். பகல் முழுக்கக் குட்டியைப் பிரிந்து இரவில் சேரும் கிடை முறை, இந்தக் கேள்விகளுக்கென்றே அமைந்த களம்.

வாசகியின் மகளுக்கு என் யோசனை: முதல் நாள் தொடாமல் தள்ளி நின்று பார்க்கட்டும். தாய் நக்கி முடித்து இரண்டும் பால் குடித்த பிறகு பெயர் வைக்கலாம். ஒரே மாதிரி ஒலிக்காத சின்னப் பெயர்களாக வைத்து, எப்போதும் தீனியோடு சேர்த்துக் கூப்பிடட்டும். பிரான்சில் ஆண்டுக்கு ஓர் எழுத்து என்று வைத்து, அந்த ஆண்டு பிறந்த கால்நடைகளுக்கு அந்த எழுத்திலேயே பெயர் தொடங்குவார்கள், பெயரைக் கேட்டாலே வயது தெரிந்துவிடும். நாமும் இந்த ஆண்டுக் குட்டிகளுக்குக் 'க', அடுத்த ஆண்டுக்குச் 'ச' என்று போகலாம். நோட்டில் பெயருக்குப் பக்கத்தில் தாயின் பெயரையும் எந்தக் கிடாய்க்குப் பிறந்தது என்பதையும் எழுதி வையுங்கள். சின்ன மந்தையில் ஒரே கிடாய் சில ஆண்டுகள் இருந்துவிட்டால் அதற்குப் பிறந்த மறிகளே, அதாவது பெண் ஆடுகளே, அதனிடம் சினையாகிவிடும். எந்த மறி பருவத்துக்கு வருவதற்குள் கிடாயை மாற்ற வேண்டும் என்று அந்த நோட்டைப் பார்த்தால் தெரியும்.