பழகிடுச்சுங்க டாக்டர்!

பிபி மேல் எண் 170, கீழ் எண் 104. வயது நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று இருக்கும். சொந்தமாக நிட்டிங் யூனிட், இல்லையென்றால் டையிங், இல்லையென்றால் எக்ஸ்போர்ட். காலை நாலரைக்கு எழுகிறார், இரவு பன்னிரண்டரைக்குப் போனைக் கீழே வைக்கிறார். “எத்தனை மணி நேரம் தூங்குறீங்க?” என்று கேட்டால், பிள்ளையின் மார்க்கைச் சொல்வதுபோல ஒரு பெருமையோடு பதில் வரும்: “நாலு மணி நேரம்தான். பழகிடுச்சுங்க டாக்டர்.”

திருப்பூர், கோவை, ஈரோடு, கரூர் பக்கம் பொது மருத்துவம் பார்க்கிற யாருக்கும் இந்த வரி புதிதல்ல. கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அதனால்தான் இந்தப் பதிவு. சர்க்கரை ஏன் வருகிறது, ரத்தக் கொதிப்பு என்றால் என்ன என்றெல்லாம் இங்கே பாடம் எடுக்கப் போவதில்லை. இந்த ‘பழகிடுச்சு’ ஒன்றைத்தான் பிடித்துக்கொள்ளப் போகிறேன்.

உடம்பு பழகுவதில்லை. குறையை உணர்கிற புத்திதான் மழுங்குகிறது. 2003-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நல்ல ஆரோக்கியமானவர்களை 14 நாள் தங்கவைத்து, சிலருக்கு 4 மணி நேரம், சிலருக்கு 6, சிலருக்கு 8 என்று தூக்கத்தை அளந்து கொடுத்தார்கள். ஆறு மணி நேரமோ அதற்குக் கீழோ தூங்கியவர்களின் கவனம் நாளுக்கு நாள் சரிந்து, இரண்டு இரவு வரை கண்ணே மூடாதவர்களின் நிலைக்கு வந்து நின்றது. கூத்து என்னவென்றால், “எப்படி இருக்கிறது?” என்று அவர்களையே கேட்டபோது, இவ்வளவு சரிந்திருப்பது அவர்களுக்கே பெரிதாகத் தெரியவில்லை. “பழகிடுச்சு” என்று நம் ஆள் சொல்வதும் இதே மயக்கத்தில்தான்.

தொழில் பாஷையில் சொன்னால்தான் மண்டையில் ஏறும் என்றால் சரி, அப்படியே சொல்கிறேன். 50,000 பீஸ் ஆர்டருக்கு காஸ்டிங் போடுகிறீர்கள். அசதியில் பீஸுக்கு 2 ரூபாய் குறைத்துப் போட்டால் போனது 1 லட்சம். அந்தப் பணத்தைச் சம்பாதிக்கத்தானே ராத்திரி இரண்டு மணி நேரம் கூடுதலாக விழித்திருந்தீர்கள்? சூப்பர்வைசர் மேல் காரணமில்லாமல் எரிந்து விழுந்து, அவர் அடுத்த வாரம் பக்கத்து கம்பெனிக்குப் போய்விட்டால் அதற்கு என்ன கணக்கு?

வண்டி ஓட்டுவது இன்னும் மோசம். 17 முதல் 19 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கைவேகமும் கவனமும், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால் இருப்பவருக்குச் சமமாகவோ அதைவிட மோசமாகவோ இருக்கும் என்று ஆய்வு இருக்கிறது. நம் மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிப்பது 30 மில்லிகிராம் வரைதான். காலை நாலரைக்கு எழுந்தவருக்கு இரவு ஒன்பதரைக்கே 17 மணி நேரம் நிறைந்துவிடுகிறது. அதற்குப் பிறகுதான் சென்னையில் பையர் மீட்டிங் முடித்து, “டிரைவர் எதுக்கு, நானே ஓட்டிட்டு வந்துடுவேன்” என்று கிளம்புகிறார். போலீஸ் ஊதச் சொன்னால் ஒன்றும் காட்டாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

“ஜெயிச்சவங்க எல்லாம் காலையில நாலு மணிக்கு எந்திரிக்கிறாங்களே?” இந்த வாட்ஸ்அப் ஃபார்வர்டை எழுதியவர் கையில் கிடைத்தால் நான்கு கேள்வி கேட்க ஆசை. நாலு மணிக்கு எழுவதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. எத்தனை மணிக்குப் படுத்தார் என்பதுதான் கேள்வி. நம் தாத்தா பாட்டி பிரம்ம முகூர்த்தத்தில் எழுந்தார்கள், உண்மை. கோழி கூவும்போது எழுந்தவர்கள், கோழி அடையும்போதே படுத்தவர்கள். எட்டரைக்குப் படுத்து நாலுக்கு எழுந்தால் ஏழரை மணி நேரம். நீங்கள் அவர்கள் எழுந்த நேரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, படுத்த நேரத்தை விட்டுவிட்டீர்கள். பெரியவர்களுக்கு வேண்டியது குறைந்தது 7 மணி நேரம். நாலுக்கு எழ ஆசையா? ஒன்பது மணிக்கு விளக்கை அணையுங்கள். முடியாதா? ஆறுக்கு எழுங்கள். கம்பெனி ஒன்றும் ஓடிப்போகாது.

குறைந்த தூக்கத்திலேயே பிறவியில் நன்றாக இருப்பவர்கள் உண்டு. மரபணுவிலேயே அப்படி அமைந்தவர்கள், மிக மிக அரிது. நீங்கள் அந்த ரகமா என்று பார்க்க லேப் டெஸ்ட் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை அலாரம் இல்லாவிட்டால் பத்து மணி வரை தூங்குகிறீர்களா? அப்படியானால் நீங்கள் அந்த ரகம் இல்லை.

பெரிய இடத்துக் கதை ஒன்றும் சொல்கிறேன், அப்போதாவது உறைக்குமா பார்க்கலாம். பிரிட்டனின் லாயிட்ஸ் வங்கிக் குழுமத்துக்கு 2011 மார்ச்சில் தலைமைப் பொறுப்பேற்றவர் அன்டோனியோ ஹோர்ட்டா-ஒசோரியோ. அதே ஆண்டு நவம்பரில் தூக்கமே வராத நிலைக்குப் போய், மருத்துவர் சொல்லி விடுப்பில் போனார். 2012 ஜனவரியில் திரும்பி வந்து, 2021 வரை அதே நாற்காலியில் இருந்தார். அவ்வளவு பெரிய வங்கியே இரண்டு மாதம் தலைவர் இல்லாமல் நடந்திருக்கிறது. உங்கள் யூனிட் ராத்திரி பத்து மணிக்கு மேல் நீங்கள் இல்லாமல் நடக்காதா?

“பையர் கால் ராத்திரிதான் வருது” என்பது அடுத்த சாக்கு. கடிகாரத்தை எடுத்து வைத்துப் பேசுவோம். நியூயார்க், கோடையில் நம்மைவிட ஒன்பதரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் பத்தரை. அவர்களுடைய காலை எட்டரை என்பது நமக்குக் கோடையில் மாலை ஆறு, குளிர்காலத்தில் ஏழு. “உங்கள் நாளின் முதல் கால் எனக்குக் கொடுங்கள்” என்று கேட்டு வாங்குங்கள். பெரும்பாலான பையருக்கு அதில் மறுப்பு இருக்காது, இதுவரை கேட்டதே இல்லை என்பதுதான் சங்கதி. லண்டனுக்கு நாலரை அல்லது ஐந்தரை மணி நேர வித்தியாசம்தான். அதற்காக ராத்திரி விழிப்பவர் வேறு எதற்கோ விழித்திருக்கிறார். லாஸ் ஏஞ்சல்ஸ் என்றால் தலைகீழாகப் போடுங்கள்: கோடையில் அவர்களின் மாலை ஆறு மணி நமக்கு மறுநாள் காலை ஆறரை.

படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு போனை ஹாலில் சார்ஜில் போடுங்கள். படுக்கை அறைக்குள் கொண்டுபோகாதீர்கள். அலாரத்துக்கு ஒரு டைம்பீஸ் வாங்கிக்கொள்ளலாம். நாளைக்குச் செய்ய வேண்டியதை ஐந்து நிமிடம் நோட்டில் எழுதிவிட்டுப் படுங்கள்: எந்த லாட் டெலிவரி, யாருக்குச் செக், யாரிடம் பேச வேண்டும். காகிதத்துக்குப் போய்விட்டால் தலைக்குள் சுற்றாது. எழுகிற நேரத்தை மட்டும் ஞாயிறு உட்பட மாற்றாதீர்கள்; அரை மணி, ஒரு மணி முன்பின் இருக்கலாம். மதியம் கண் சொக்கினால் மூன்று மணிக்குள் 20 நிமிடம் போதும். சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரம் குறட்டை விட்டால் அது ராத்திரி தூக்கத்திலிருந்து எடுத்த கடன்.

காபி. ரத்தத்தில் காஃபின் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். மாலை ஆறு மணி ஃபில்டர் காபியில் பாதி, பதினோரு மணிக்கும் உள்ளே விழித்துக்கொண்டிருக்கிறது. மதியம் இரண்டு மணிக்கு மேல் வேண்டாம். டீயும் அதே கணக்குதான். கம்பெனிக்கு வருகிற ஒவ்வொரு பார்ட்டியோடும் ஒரு கிளாஸ் என்றால் எத்தனை கிளாஸ், எத்தனை ஸ்பூன் சர்க்கரை என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள். பார்ட்டிக்கு டீ கொடுங்கள், நீங்கள் சுடுதண்ணீர் குடியுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

தூக்கத்துக்காக ‘ரெண்டு பெக்’ என்பவர்களுக்கு: மயக்கம் சீக்கிரம் வரும், பின்னிரவுத் தூக்கம் கந்தலாகும். மூன்று மணிக்கு விழிப்பு வருவதற்குக் கடன் கவலை மட்டும் காரணமல்ல. நண்பர் கொடுத்தார் என்று தூக்கத்துக்கு அல்பிரசோலம் மாத்திரை போடுவது இன்னும் கொடுமை. சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத மாத்திரை அது. மாதக்கணக்கில் போட்டுக்கொண்டிருந்தால் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம். வாருங்கள், படிப்படியாகக் குறைக்கலாம். பத்தரை மணிப் பரோட்டாவுக்குத் துணையாக வருடக்கணக்கில் பேன்டோபிரசோல் என்கிற அசிடிட்டி மாத்திரை விழுங்குவோருக்கும் ஒரு சொல்: சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேரம் இடைவெளி விட்டுப் பார்த்தீர்களா?

ஏழு மணி நேரம் படுத்தும் அசதி தீரவில்லையா, அப்போது குறட்டையைக் கேட்க வேண்டும். பலமான குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறி எழுவது, பகலில் மீட்டிங்கிலேயே கண் மூடுவது, கூடவே பிபி. இவற்றோடு கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டரைத் தாண்டினால், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் ஸ்லீப் அப்னியாவோ என்ற சந்தேகம் வலுக்கிறது. அதாவது காலர் அளவு சுமார் 16 இன்ச். துணித் தொழிலில் இருப்பவருக்கு இதை நான் அளந்து காட்ட வேண்டியதில்லை. தூங்கும்போது மூச்சை அளந்து பார்க்கிற ஸ்லீப் ஸ்டடி ஒரு ராத்திரி வேலை. அதைச் செய்யாமல் பிபி மாத்திரையை மட்டும் ஏற்றிக்கொண்டே போவதில் அர்த்தம் இல்லை.

“ஃப்ளோர்லயே பத்தாயிரம் ஸ்டெப் நடக்கறேங்க” என்பார்கள். நடந்து, நின்று, திட்டி, மறுபடி நடப்பது நடைப்பயிற்சி ஆகாது. வாரத்துக்கு 150 நிமிடம், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்கிற வேகத்தில், நிற்காமல். போனை விட்டுவிட்டு.

பிபி பற்றி: “டாக்டரைப் பார்த்ததும் ஏறிடுச்சு” என்பதை நான் நம்பத் தயார். அப்படி நடப்பதுண்டு. ஆனால் வீட்டில் அளந்து நிரூபியுங்கள். மணிக்கட்டு மெஷின் வேண்டாம், புஜத்தில் கட்டுவது வாங்குங்கள். புஜம் பருமனாக இருந்தால் பெரிய கஃப் (கையில் சுற்றும் பட்டை) கேட்டு வாங்குங்கள். சின்ன கஃப் எண்ணைக் கூட்டிக் காட்டும். அளப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து காபி, சிகரெட், நடை கிடையாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, பாதம் தரையில் படிய, கால் மேல் கால் போடாமல், 5 நிமிடம் வாய் திறக்காமல் உட்காருங்கள். சட்டைக்கு மேல் கட்டக் கூடாது. கை நெஞ்சு உயரத்தில் மேசை மேல் இருக்கட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை. காலையில் மாத்திரைக்கும் டிபனுக்கும் முன்பு, மாலையில் ஒரு முறை. ஏழு நாள் எழுதுங்கள். முதல் நாளைத் தள்ளிவிட்டு மீதியின் சராசரியைப் பாருங்கள். 135/85-ஐத் தொட்டால் அது என் வெள்ளைக் கோட்டு செய்த வேலை இல்லை.

பெண் முதலாளிகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். யூனிட் முடித்து வீட்டு ஷிஃப்டும் பார்ப்பவர்கள். அசதி என்று வந்தால் வீட்டிலும் டென்ஷன் என்பார்கள், சில சமயம் எங்கள் ஆட்களே டென்ஷன் என்று எழுதிவிடுவார்கள், வெட்கக்கேடு. ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. அதையும் தைராய்டையும் பார்க்காமல் ‘மனசை லேசா வெச்சுக்கோம்மா’ என்று அனுப்புபவரிடம் மறுபடி போகாதீர்கள்.

உற்சாகம் வற்றிப்போவது பற்றி யாரும் நேராகக் கேட்பதில்லை. கதவருகே போய்த் திரும்பி நின்று கேட்பார்கள். “முன்ன மாதிரி ஒரு ஈடுபாடு இல்லைங்க.” உலக சுகாதார நிறுவனம் 2019-ல் இதை, அதாவது ‘பர்ன்அவுட்’டை, வேலை சார்ந்த நிலை என்று வகைப்படுத்தியது, நோய் என்று அல்ல. சக்தி தீர்ந்துபோவது, வேலையிலேயே ஒரு கசப்பு, எதையும் உருப்படியாகச் செய்யவில்லை என்ற எண்ணம், இந்த மூன்றும்தான் அதன் முகம். நிர்வாகம் கற்றுத் தருவது என் தொழில் அல்ல. ஆனாலும் தேறியவர்களைக் கவனித்தால் இரண்டு பழக்கம் தென்படுகிறது. ஒன்று, “இத்தனை ஆயிரத்துக்குக் கீழே என்னைக் கேட்காதே” என்று மேனேஜருக்கு ஒரு வரம்பு வைத்து, அந்த வரம்பை மதிக்கிறார்கள். இன்னொன்று, எந்த வேலையில் கை தேர்ந்து இந்தத் தொழிலுக்கு வந்தார்களோ, அதில் தினமும் ஒரு மணி நேரம் உட்காருகிறார்கள். சாம்பிள் ரூமோ, கலர் லேபோ, போன் இல்லாமல். பில், பேங்க், பஞ்சாயத்து மட்டுமே நாள் முழுக்க என்றால் யாருக்குத்தான் ஈடுபாடு வரும்?

ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் எதிலுமே மனம் ஒட்டவில்லை, பிடித்த சாப்பாடும் பிள்ளைகளும்கூடத் தொடவில்லை என்றால் அது களைப்பு என்ற கணக்கில் வராது. ‘செத்துப்போயிடலாம்’ என்ற நினைப்பு ஒரு தடவை வந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள். 14416, டெலி-மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். மனநல மருத்துவரைப் பார்த்தால் பேங்கில் தெரிந்துவிடும், சம்பந்தி வீட்டில் தெரிந்துவிடும் என்ற பயம் வேண்டாம். எங்கள் ஃபைல் யாருக்கும் போகாது. தயவுசெய்து.

7-ஆம் தேதி டிடிஎஸ், 15-ஆம் தேதி பிஎஃப், 20-ஆம் தேதி ஜிஎஸ்டி என்று உங்கள் மாதம் எப்படி ஓடும் என்பது எங்கள் ரிசப்ஷனுக்கே மனப்பாடம். அந்த வாரங்களில் ரிவ்யூவுக்கு வரவேண்டியவர்களில் பாதிப் பேர் வருவதில்லை. சரி, 21-ஆம் தேதி வாருங்கள். பிபி எழுதிய நோட்டு கையில் இருக்கட்டும். வீட்டுக்காரம்மாவையும் கூட்டி வாருங்கள், குறட்டையைப் பற்றி அவரிடம்தான் கேட்க வேண்டும்.